பல ரோபோக்கள் ஒன்றாக ஓடும்போது சிக்கிக்கொண்டால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

கூடத்தில் ஆறு ரோபோக்கள். நான்கு ஓடிக்கொண்டிருக்கின்றன, இரண்டு சந்திப்பில் முகத்துக்கு முகம் நின்றுவிட்டன. இதைப் பார்த்ததும் புதிதாக வருகிற மாணவர்கள் பாதைத் திட்டமிடும் நிரலைத்தான், அதாவது பிளானரைத்தான், முதலில் திறக்கிறார்கள். நான் பார்த்தவரை பிழை அங்கே இருப்பது அரிது. பிளானர் போட்ட திட்டம் சரியாகவே இருக்கும். அந்தத் திட்டம் எந்த நேரத்தில் எந்த இடத்தில் ரோபோ இருக்கும் என்று நம்பியதோ, அங்கே அது இருக்காது. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இரண்டுதான்: யாருக்குத் தாமதம்? யாருக்குத் தன் இடம் தெரியவில்லை?

எண்ணோடு பேசினால்தான் பிடிபடும் என்பதால் டர்ட்டில்பாட் 3 பர்கரை எடுத்துக்கொள்கிறேன். பல ஆய்வகங்களில் இருக்கும் சின்ன வண்டி. அகலம் 17.8 செ.மீ., உச்ச வேகம் நொடிக்கு 0.22 மீட்டர், தலையில் 360 பாகை சுற்றி ஒளிக்கதிரால் தூரம் அளக்கும் லைடார், உள்ளே ராஸ்பெரி பை என்கிற சிறு கணினி. மென்பொருள், ரோபோ நிரல்களை இணைக்கும் ராஸ் 2, அதன் மேல் வழிநடத்தும் தொகுப்பான நாவ் 2. கிடங்கில் ஓடும் பெரிய வண்டிக்கும் காரணங்கள் இவைதான், எண்கள் மாறும்.

எதையும் தொடுவதற்கு முன்

மற்ற எல்லாவற்றையும் தரையிலிருந்து எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விடுங்கள். கூட்டமாக ஓடியபோது கொடுத்த அதே வேலைகளை அதே வரிசையில் பத்துச் சுற்று கொடுங்கள். தனியாக ஓடும்போதே ஒருமுறை தடுமாறினால் அது ஒருங்கிணைப்புப் பிரச்சினை அல்ல. ஒருங்கிணைப்பு நிரலில் கை வைக்க வேண்டாம். தனியாகத் தேறியபின் இரண்டை எடுத்து, இருப்பதிலேயே குறுகலான இடத்தில் எதிரெதிராக அனுப்புங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் விட்டுப் பிழை தேடினால் ஒரு நாள் முழுக்கப் போகும், ஒன்றும் கிடைக்காது. எல்லா ஓட்டத்தையும் பேக் கோப்பாக (பின்னர் திரும்ப ஓட்டிப் பார்க்கக்கூடிய ராஸ் பதிவு) பதிவு செய்யுங்கள். பதிவு இல்லாத மோதலைப் பற்றி வாதம்தான் செய்யலாம், கண்டுபிடிக்க முடியாது.

திரையில் ஒரே ரோபோ இரண்டு இடங்களுக்கு இடையே துள்ளுகிறது

இதைப் பார்த்தால் நிம்மதி கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. இரண்டு ரோபோக்களும் தங்கள் உடலை ஒரே பெயரில் அறிவிக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று எல்லோரும் கேட்கும் டிஎஃப் என்கிற பொதுச் செய்தித் தலைப்பில் இரண்டின் இருப்பிடமும் ஒரே பெயரில் வந்து விழ, கேட்பவர் ஒரு நொடியில் பத்து முறை இங்கும் அங்குமாக நம்புகிறார். ஒவ்வொரு ரோபோவுக்கும் தனி நேம்ஸ்பேஸ் (பெயர்களுக்கு முன் ஒட்டும் அடையாளம்) கொடுங்கள். டிஎஃப் தலைப்பையும் அந்த நேம்ஸ்பேஸுக்குள் கொண்டுவாருங்கள். பலர் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அது முன்னிருப்பாகவே பொதுவில் இருக்கிறது.

வழி திறந்து கிடக்கிறது, ஆனால் "பாதை இல்லை" என்று நிற்கிறது

முதலில் ரோபோவின் ஆரம் என்னவென்று கொடுத்திருக்கிறீர்கள் எனப் பாருங்கள். எங்கிருந்தோ எடுத்த மாதிரி அமைப்புக் கோப்பில் 0.22 மீட்டர் என்று இருக்கும். அது இன்னும் பெரிய வண்டிக்கானது. பர்கரின் ஆரம் ஏறக்குறைய 0.105 மீட்டர். 0.22 என்று விட்டுவைத்தால் 40 செ.மீ. இடைவெளி அதன் கண்ணுக்குச் சுவர். ரோபோ தடைகளைக் குறித்துவைக்கும் கட்ட வரைபடமான காஸ்ட்மேப்பின் கட்டம் 5 செ.மீ. என்றால் இரு பக்கமும் ஒவ்வொரு கட்டம் வீணாகலாம், அதையும் கணக்கில் வையுங்கள். தடையைச் சுற்றி விடும் விளிம்பான இன்ஃப்ளேஷன் ரேடியஸைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வழியை அடைப்பதில்லை, சுவரோரம் போவதை விலையுள்ளதாக ஆக்குகிறது, அவ்வளவுதான். அடைப்பது உடலின் ஆரம்.

ஆரம் சரி என்றால் அடுத்தது பேய்த் தடங்கள். இது பல ரோபோ ஓட்டத்துக்கே உரிய நோய். மூன்றாம் எண் உங்கள் முன்னால் கடந்து போகிறது. லைடார் அதைத் தடையாகப் பதிகிறது. அது போய்விட்டது, ஆனால் காஸ்ட்மேப்பில் அதன் தடம் வால் போல நீண்டு கிடக்கிறது. ஏன் அழியவில்லை? ஒரு கட்டம் அழிய வேண்டுமென்றால், அதைத் தாண்டிப் போன கதிர் எங்காவது பட்டுத் திரும்ப வேண்டும். எதிரே திறந்த வெளி என்றால் கதிர் திரும்புவதே இல்லை, லைடார் அதை முடிவிலி என்று சொல்கிறது. முடிவிலியைச் செல்லாத அளவீடு என்று காஸ்ட்மேப்பில் தடைகளைப் பதியும் அப்ஸ்டகிள் லேயர் ஒதுக்கிவிட, பழைய தடம் அப்படியே தங்குகிறது. முடிவிலி செல்லும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை இயக்குங்கள். கூடவே, தடையைப் பதியும் தூரத்தை விட அழிக்கும் தூரம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் அந்த இடைப்பட்ட வளையத்தில் விழுந்த தடங்கள், ரோபோ நெருங்கிப் போகும்வரை அழியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சக ரோபோவை முழுப்பாதை போடும் காஸ்ட்மேப்பில் பதியவிடாதீர்கள். அது நகரும் பொருள், அதன் பாதை உங்கள் மையக் கணினிக்கே தெரியும். அதைச் சுவராக நினைத்து ஒவ்வொரு ரோபோவும் தனக்குத் தோன்றிய சுற்றுவழியைப் பிடித்தால், மேலே போட்ட ஒருங்கிணைப்பு அந்த நொடியே செத்துவிடும்.

எதிரெதிரே வந்த இரண்டும் இடம்வலமாக ஆடிக்கொண்டே நிற்கின்றன

குறுகலான நடைபாதையில் எதிரே வருபவருக்கு வழிவிட நாம் இடப்பக்கம் ஒதுங்க, அவரும் அதே பக்கம் ஒதுங்குவாரே, அதுதான். இரண்டும் ஒரே நிரல், ஒரே அமைப்பு, ஒரே கணக்கு, ஆகவே ஒரே முடிவு. ஒவ்வொன்றும் மற்றது நேராகத்தான் வரும் என்று வைத்துக்கொண்டு விலகுகிறது. விலகியதும் இருவருக்கும் நடு வழி காலியாகத் தெரிகிறது, திரும்ப வருகிறார்கள். 2008-இல் வான் டென் பெர்க், லின், மனோச்சா மூவரும் எழுதிய "ரெசிப்ரோக்கல் வெலாசிட்டி அப்ஸ்டகிள்" (மோதலுக்குக் கொண்டுபோகும் வேகங்களைப் பரஸ்பரம் தவிர்ப்பது) கட்டுரை இந்த ஆட்டத்தை நிறுத்தத்தான் பிறந்தது: முழு விலகலையும் நானே செய்யாமல் பாதியை நான், பாதியை நீ என்று பிரித்துக்கொள்வது.

திறந்த கூடமாக இருந்தால் இந்த வகை முறை போதும். அல்லது எல்லோரும் இடப்பக்கமே ஒதுங்க வேண்டும் என்ற ஒரு விதியைப் போட்டாலே பாதி ஆட்டம் அடங்கும். ஆனால் இடைகழி ஒரு வண்டி மட்டும் போகும் அகலம் என்றால் எந்த உள்ளூர் விலகல் முறையும் உதவாது. அங்கே ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். யார் என்பதை அந்த இருவரால் முடிவு செய்ய முடியாது, மேலிருந்துதான் வர வேண்டும். டோக்கன் முறை உள்ள ஒற்றைத் தண்டவாளப் பிரிவில், அனுமதி அடையாளமான அந்த டோக்கன் கையில் இல்லாமல் ரயில் நுழையாது அல்லவா, அந்த ஏற்பாட்டை இடைகழிக்கும் போடுங்கள். டோக்கன் கையில் வந்தபின்தான் முதல் கட்டத்தில் சக்கரம் படலாம்.

சிமுலேஷனில் மணிக்கணக்காக ஓடியது, தரையில் ஐந்தே நிமிடத்தில் குலைந்தது

மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், இதில்தான் அதிகம் மனம் உடைகிறார்கள். பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பல ரோபோ பிளானர்கள் உலகைக் கட்டங்களாகவும் நேரத்தைக் காலடி போன்ற அடிகளாகவும் பார்க்கின்றன. ஒரு அடியில் ஒரு கட்டம். கட்டம் 50 செ.மீ. என்றால் பர்கருக்கு முழு வேகத்தில் 2.27 நொடி. இப்போது ஒரு திருப்பம் வருகிறது. நொடிக்கு ஒரு ரேடியன் வேகத்தில் 90 பாகை திரும்ப 1.57 நொடி. பாடப்புத்தகப் பிளானர் திருப்பத்துக்கு நேரமே ஒதுக்குவதில்லை. பத்துத் திருப்பம் உள்ள பாதையில் 15.7 நொடி, அதாவது ஏறக்குறைய ஏழு கட்டம் பின்தங்கல். திருப்பத்துக்கு முன்னால் வேகம் குறைப்பதையும் பின்னால் கூட்டுவதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. நேர்ப்பாதையில் போன ரோபோ சொன்ன நேரத்துக்குச் சந்திப்புக்கு வந்துவிட்டது. வளைந்து வந்தது ஏழு கட்டம் பின்னால். வளைந்து வருவது ஏழு கட்டம் முன்னதாகவே கடந்துவிடும்படி போட்ட திட்டத்தில் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

சிமுலேஷனில் இது ஏன் வரவில்லை? அங்கே ரோபோவும் அடி அடியாகத்தான் நகர்ந்திருக்கும்.

திருப்பத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள் என்பது முதல் மருந்து. ரோபோ எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் பிளானர் நிலையில் சேர்க்க வேண்டும். செய்யுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். பேட்டரி இறங்கும், ஒரு சக்கரம் வழுக்கும், யாராவது குறுக்கே நடப்பார்கள். எந்த நேரக் கணக்கும் நிலைக்காது.

நிலைப்பது வரிசை. வோல்ஃப்காங் ஹோனிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2016-இலும் 2019-இலும் எழுதிய கட்டுரைகளின் சாரம் இது. பிளானர் கொடுத்த திட்டத்திலிருந்து நேரத்தைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் முதலில், யார் அடுத்து என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "சந்திப்புக் கட்டத்தை ஐந்தாம் எண் 14-ஆவது அடியில் கடக்கும்" என்பது போய், "மூன்றாம் எண் விட்டபின் ஐந்தாம் எண் கடக்கும்" என்று ஆகிறது. மூன்றாம் எண் பத்து நொடி தாமதித்தால் ஐந்தாம் எண் பத்து நொடி நிற்கும். மோதாது, திட்டமும் குலையாது, திரும்பத் திட்டம் போடவும் வேண்டாம்.

இதைக் கட்டும்போது ஒரு இடத்தில் எல்லோரும் விழுகிறார்கள், நாங்களும் விழுந்தோம். "விட்டபின்" என்றால் எப்போது? எங்கள் நிரலில் ரோபோவின் மையம் அடுத்த கட்டத்தின் எல்லையைத் தொட்டதும் "விட்டேன்" என்று சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் அதன் பின்பாதி இன்னும் பழைய கட்டத்துக்குள் இருக்கிறது. பின்னால் காத்திருந்தது கிளம்பி வந்து அதன் பின்புறத்தைத் தட்டியது. பதிவை ஓட்டிப் பார்த்தபோது இரண்டு ரோபோக்களும் விதியை மீறவே இல்லை. அடுத்த கட்டத்தின் நடுவுக்கு வந்தபின் மட்டும் "விட்டேன்" என்று சொல்லும்படி மாற்றினோம், தட்டல் நின்றது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. வைஃபையில் அந்தச் செய்தி தொலைந்துபோனால் என்ன ஆகும்? பின்னால் வருவது நிற்கும். நிற்பது பாதுகாப்பான பிழை. செய்தி தொலைந்தால் ரோபோ கிளம்பும்படி எந்த விதியையும் எழுதாதீர்கள்.

நான்கு ரோபோக்கள் ஒன்றை ஒன்று பார்த்து உறைந்துவிட்டன

யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று ஒரு தாளில் அம்பு போடுங்கள். ஒன்று இரண்டுக்காக, இரண்டு மூன்றுக்காக, மூன்று நான்குக்காக, நான்கு ஒன்றுக்காக. அம்புகள் வளையமானால் முட்டுக்கட்டை. வளையம் இல்லாமல் எங்காவது முடிந்தால் அது முட்டுக்கட்டை அல்ல, முடிகிற இடத்தில் நிற்கும் ரோபோதான் நோயாளி. இந்த ஒரு படம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். மையக் கணினியே இதை ஒவ்வொரு நொடியும் சரிபார்த்துப் பதிவில் எழுதும்படி செய்துவிடுங்கள்.

வளையம் வரக் காரணம் பொதுவாக இரண்டு. முதலாவது, கட்டத்தை ஒவ்வொன்றாக முன்பதிவு செய்வது. அடுத்த கட்டம் காலி என்றதும் ரோபோ சந்திப்புக்குள் நுழைந்துவிடுகிறது, அதற்கடுத்தது காலி இல்லை, நடுவில் நிற்கிறது. நெரிசல் நேரத்தில் சிக்னல் விழுந்தபின்னும் நடுச்சந்திப்பில் நிற்கும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். விதி இதுதான்: அடுத்தவருக்கு இடையூறில்லாமல் நிற்கக்கூடிய ஒரு இடம்வரை முழுவதும் கிடைத்தால் மட்டுமே சந்திப்புக்குள் நுழையலாம்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது, மேலே சொன்ன வரிசை முறையைக் கட்டியபின்தான் தலைகாட்டும். கும்மியில் வட்டமாக நிற்பவர்கள் எல்லோரும் ஒரே தாளத்தில் அடுத்தவர் இடத்துக்கு அடி வைப்பதால் யாரும் யாரையும் இடிப்பதில்லை. பல பிளானர்கள் ரோபோக்களையும் அப்படிச் சுழல அனுமதிக்கின்றன. நான்கு கட்டம், நான்கு ரோபோ, ஒரே அடியில் எல்லோரும் ஒரு கட்டம் நகரலாம் என்பது காகிதத்தில் செல்லும். ஆனால் "முன்னால் இருப்பவர் விட்டபின்" என்ற விதியில் முதல் அடியை யார் வைப்பது? ஒவ்வொருவரும் முன்னவருக்காக நிற்க, நால்வரும் நிற்கிறார்கள். பிளானரையும் குறை சொல்ல முடியாது, வரிசை முறையையும் குறை சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு விதியில் ஓடுகின்றன. ஒருவர் காலி செய்யும் கட்டத்தில் அதே அடியில் இன்னொருவர் நுழையக்கூடாது என்று பிளானரிலேயே தடை போடுங்கள். கொஞ்சம் நீண்ட திட்டம் வரும், பரவாயில்லை.

தான் இருக்கும் இடத்தைத் தவறாகச் சொல்கிறது

அடுத்தடுத்த இரண்டு இடைகழிகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தால் லைடார் பார்ப்பதை வரைபடத்தோடு ஒப்பிட்டு இடத்தைக் கணிக்கும் ஏஎம்சிஎல் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவக்கூடும். சக ரோபோக்கள் சுற்றி நின்று லைடாரை மறைத்தால் இன்னும் எளிதாகத் தாவும், ஏனென்றால் அது பார்ப்பது வரைபடத்தில் இல்லாத சுவர்கள். தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். ஒவ்வொரு ரோபோவையும் கூடத்தைச் சுற்றி ஓட்டிக்கொண்டுவந்து அதே குறியில், அதே பக்கம் பார்த்து நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் சொல்லும் எக்ஸ், ஒய், கோணம் மூன்றையும் எழுதுங்கள். ஒரே ஒரு ரோபோ மட்டும் விலகினால் அதன் சக்கர அளவோ லைடார் பொருத்திய கோணமோ பிசகு. எல்லாம் கன்னாபின்னாவென்று விலகினால் வரைபடத்தையோ இடத்தையோ சந்தேகியுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் விலகினால் ஒருங்கிணைப்புக்கு அதனால் கெடுதல் இல்லை, அலமாரி முன் நிற்கும் இடம்தான் தப்பும்.

இடைகழிகள் நிஜமாகவே ஒரே அச்சாக இருந்தால் அல்காரிதத்தோடு போராட வேண்டாம். கீவா கிடங்கு ரோபோக்கள் தரையில் ஒட்டிய குறிகளைக் கேமராவால் படித்துத்தான் தங்கள் இடத்தை அறிந்தன. 2012-இல் அமேசான் வாங்கிய அந்த நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடியது அந்த எளிய ஏற்பாட்டில். சந்திப்புக்கு ஒரு குறி ஒட்டினாலே உங்கள் கூடத்தில் பாதிச் சிக்கல் தீரும்.

மோதவில்லை, ஆனால் உரசிக்கொண்டு போகின்றன

கடிகாரத்தைப் பாருங்கள். பர்கரில் போகும் ராஸ்பெரி பை 3, 4 இரண்டிலும் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. அணைத்துப் போட்டு எழுப்பினால் பழைய நேரத்தோடு எழுந்து, வலையமைப்பில் நேரம் கிடைத்தபின்தான் திருத்திக்கொள்ளும். கூடத்தின் ரூட்டருக்கு இணையம் இல்லை என்றால் திருத்தவே திருத்தாது. அரை நொடி பிசகு என்றால் முழு வேகத்தில் 11 செ.மீ., அதுவே ஏறக்குறைய ஒரு பர்கரின் ஆரம். எதிர்காலத்துக்கு நீட்ட முடியவில்லை என்று டிஎஃப் புலம்பும் செய்திகள் லாகில் வந்தாலும் வழி இதுதான். மையக் கணினியை நேரச் சேவையகமாக்கி, எல்லா ரோபோவிலும் நேரத்தை ஒத்திசைக்கும் நிரலான குரோனியை அதற்கே காட்டுங்கள். நேரம் ஒத்துப்போன பிறகே மற்றவை தொடங்கும்படி எழுப்பும் வரிசையை அமைத்துவிடுங்கள்.

ஆறாவதைச் சேர்த்ததும் எல்லாமே மந்தம்

வைஃபை. ராஸ் 2-இன் செய்திகளைச் சுமக்கும் டிடிஎஸ், முன்னிருப்பாக எல்லோரும் எல்லோரையும் தேட மல்டிகாஸ்ட் (ஒரே செய்தி பலருக்கும் போவது) அனுப்புகிறது. வைஃபையில் மல்டிகாஸ்ட் மெதுவான அடிப்படை வேகத்தில், பெற்றுக்கொண்டேன் என்ற பதில் இல்லாமல் போகிறது. ரோபோ கூடக் கூட இந்தக் கூச்சல் பெருகி, முக்கியமான "விட்டேன்" செய்தி அதில் மூழ்குகிறது. ஒவ்வொரு ரோபோவுக்கும் தனி டொமைன் எண் (ஒரே எண் உள்ளவை மட்டும் ஒன்றை ஒன்று கேட்கும்) கொடுத்து, லைடார் தரவு ரோபோவுக்குள்ளேயே இருக்கும்படி செய்து, இருப்பிடமும் கட்ட முன்பதிவும் மட்டும் பாலம் வழியாக வெளியே வரட்டும். இந்தத் தேடல் கூச்சலைக் குறைக்கும் ஜெனோ அல்லது டிஸ்கவரி சர்வர் போட்டாலும் நன்று. திரையில் ஆறு லைடாரையும் ஒன்றாகப் பார்க்க ஆசைதான். அந்த ஆசையே பல நாள் மந்தத்துக்குக் காரணமாக இருந்திருக்கிறது.

திட்டமே வரவில்லை, பிளானர் சுற்றிக்கொண்டே இருக்கிறது

சிபிஎஸ் (மோதல் அடிப்படையிலான தேடல்) பயன்படுத்துகிறீர்களா? ஷரோன், ஸ்டெர்ன், ஃபெல்னர், ஸ்டர்ட்டிவன்ட் நால்வர் 2012-இல் கொடுத்த அழகான முறை. இரண்டு பாதைகள் மோதினால் கிளை பிரித்து, ஒரு கிளையில் இவருக்குத் தடை, மறு கிளையில் அவருக்குத் தடை. இடைகழியில் எதிரெதிராக வரும் இருவர் அடுத்தடுத்த அடிகளில் திரும்பத் திரும்ப மோத, கிளை மரமாகப் பெருகிவிடும். அதோடு, தீர்வே இல்லாத கேள்வியைக் கொடுத்தால் அதன் அடிப்படை வடிவம் "இல்லை" என்று சொல்லாது, தேடிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் கேள்வியைச் சரிபாருங்கள்: இருவருக்கு ஒரே இலக்கா? வேலை முடித்த ஒன்று இடைகழியின் வாயிலேயே நிரந்தரமாக நிற்கிறதா? இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது. வேலை முடித்தவர் நிற்பதற்கென்று, நின்றாலும் யார் வழியையும் மறைக்காத இடங்களை ரோபோ எண்ணிக்கைக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். முன்னுரிமை வரிசைப்படி ஒவ்வொருவராகத் திட்டமிடும் முறையும் இந்த ஒரு ஏற்பாட்டால் தெளிந்துவிடும்.

கேள்வி சரி, ஆனாலும் நேரம் எடுக்கிறது என்றால் மிகச்சிறந்த திட்டம்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். அது கணிப்பியலில் கடினம் என்று நிறுவப்பட்ட கேள்வி. அடுத்த பத்து இருபது அடிக்கு மட்டும் திட்டமிட்டு அவ்வப்போது புதுப்பிக்கலாம். ஒகுமுராவும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் கொடுத்த பிபிட் முறையில் காத்திருக்கும் ரோபோவின் முன்னுரிமை நேரம் போகப்போக ஏறும், அதனால் ஒரே ரோபோ மூலையில் பட்டினி கிடக்கும் நோயும் வராது. ஆனால் பிபிட்டும் கும்மிச் சுழலை அனுமதிக்கும், அந்தத் தடையைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

எல்லாம் சரியானதும் செய்ய வேண்டிய ஒரு சோதனை

ஆறும் வேகமாக ஓடும்போது ஏதாவது ஒன்றின் மேல் குனிந்து, அவசர நிறுத்தத்தை அழுத்தி 20 நொடி பிடித்துக்கொள்ளுங்கள். அது திருப்பத்தில் இருக்கும்போது பிடித்தால் இன்னும் நல்லது. பின்னால் வருவது ஒன்றொன்றாக, தொடாமல், ஒரு கட்டம் விட்டு நிற்க வேண்டும். சம்பந்தமில்லாத இடைகழியில் இருப்பவை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டதும், பிடித்திருந்தது முதலில் நகர்ந்து, பின்னால் நின்றவை அதே வரிசையில் கிளம்ப வேண்டும். பிளானர் ஒரு முறைகூடப் புதிதாக அழைக்கப்படவில்லை என்று லாக் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் இதை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மூன்று வெவ்வேறு ரோபோக்களில் செய்கிறோம். யாராவது ஒன்று இரண்டு தரம் தள்ளாடிக் கிளம்பினால், அன்று மாலை அதன் "விட்டேன்" செய்தி எந்த நொடியில் போனது என்று பதிவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம்.